மச்சாள்மார் படம்

போன கிழமை காங்கேசன்துறைப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் தோளில் சாய்ந்துகொண்டு, “மச்சான், இறங்கிற இடம் வந்தா எழுப்படி” என்றாள். “நீ நித்திரை கொண்டா நான் பேசாமல் இறங்கிப் போயிடுவன் மச்சான்” என்றாள் மற்றவள். பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை மச்சான்! எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்தில் சிநேகிதிகள் ஒருத்தியை ஒருத்தி மச்சாள் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டே கனகாலம். அந்த நேரம் பார்த்து, யாரோ ஒரு மனிசி காலடியில் வைத்திருந்த பையிலிருந்து கருவாட்டு வாசம் எழும்பியது. அந்தச் சொல்லும் அந்த வாசமும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் பழைய பயமொன்று வந்துவிடும்.

எங்கள் ஊர்களில் பயப்படுவதற்கு எத்தனையோ பெரிய விசயங்கள் வந்து போய்விட்டன. நான் சொல்லப்போகும் பயம் அவற்றுக்கெல்லாம் முந்தியது. ஒரு படத்தைப் பற்றிய பயம். கேட்டால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

பண்டத்தரிப்புச் சந்தியில் என் அண்ணைக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை இருந்தது. கலியாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அண்ணையின் குழாய்தான் பனைமரத்தில் ஏறும். பத்தாம் வகுப்புச் சோதனையில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு நான் அந்தக் கடைக்குள் புகுந்துகொண்டேன். புகுந்துகொண்டேன் என்பதுதான் சரி. யாரும் கடைக்கு வந்தால் வயர்ச் சுருள்களுக்குப் பின்னால் போய்விடுவேன். அப்படி ஒளித்திருந்த நேரங்களில்தான் மூலையில் கிடந்த படம் காட்டும் இயந்திரம் எனக்குப் பழக்கமானது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்ததை அண்ணை வாங்கிப் போட்டிருந்தார். அதைப் போட்டால் வெளிச்சத்துக்கு முதல் வாசம் வரும். சூடான பல்பில் தூசி கருகும் வாசம். எனக்கு அது பிடிக்கும். மனிதர்களோடு கதைக்க நா எழாத எனக்கு, அந்த மிசினின் இருமலும் செருமலும் விளங்கின.

மனோ அக்கா கடைக்கு வந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். முப்பத்தைந்து வயதிருக்கும். நூல்சேலை, ஆம்பிளைகள் கட்டும் பெரிய மணிக்கூடு, தோளில் பனையோலைப் பை. பையில் மேலே கத்தரிக்காய், அடியில் கமரா. சாவி கொடுத்தால் அரை நிமிசம் ஓடும் கமரா. “கத்தரிக்காயைக் கண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்” என்பார். கொழும்பில் விளம்பரப் படம் எடுக்கும் ஒரு கம்பனியில் பிலிம் வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். தாயாருக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போகவில்லை. கம்பனியில் மிஞ்சும் துண்டு பிலிம்களை அங்குள்ள பழைய கூட்டாளிகள் ரயிலில் அனுப்புவார்கள். எடுத்ததைக் கழுவுவதற்கும் அது கொழும்புக்குத்தான் போகவேண்டும். போன பிலிம் திரும்பி வரும்வரை மனோ அக்கா நகம் கடிப்பார். நகம் கடிப்பதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்தது அப்போதுதான்.

அவருடைய முதல் படம் பெண் பார்க்க வருவதைப் பற்றியது. கமராவை மணப்பெண் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டார். அதனால் படம் முழுக்கப் பெண்ணைக் காணமுடியாது, பார்க்க வந்தவர்களைத்தான் காணலாம். பல்லுக் குத்துகிறார்கள். கூரை ஓடுகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். பலகாரத்தைப் பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி எங்களைப் பார்க்கிறார்கள். ஒரு வாசிகசாலை மண்டபத்தில் அதைக் காட்டியபோது முன்வரிசையிலிருந்த ஒருவர் எழும்பி, “தங்கச்சி, படத்திலை பொம்பிளையைக் காணேல்லையே?” என்றார்.

“வந்த அலுவலிலை நீங்களும் அவவைப் பாக்க மறந்துபோனியளாக்கும் ஐயா” என்றார் மனோ அக்கா.

பின்வரிசை வாங்குகளில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். முன்வரிசை எழும்பிப் போனது. போகிற போக்கில் ஒருவர் அண்ணையிடம், “உன்ரை மிசினை உப்பிடியான அலுவலுக்கோ குடுக்கிறாய்?” என்று கேட்டார். அண்ணையின் காது சிவந்ததை நான் கண்டேன்.

“வாயைப் பொத்தாமல் சிரிக்க ஓரிடம் வேணும்” என்றார் மனோ அக்கா அன்றைக்கு. இனிமேல் பெண்களுக்கு மட்டும்தான் படம். அப்படியென்றால் இயந்திரத்தை ஓட்டுவதும் பெண்ணாக இருக்கவேண்டும். அண்ணையும் அவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள், படத்தில் அந்த ஆட்கள் திரும்பியது போலவே.

“எனக்கு ஏலாது” என்றேன்.

“இருட்டுக்குள்ளை நிக்கிற வேலையடி. எல்லாரும் திரையைத்தான் பாப்பினம். உன்னை ஆர் பாக்கப்போகினம்?”

கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்குமா, சொல்லுங்கள். பிறகு சில வருடங்கள் அப்படியே போயின. புகையிலை காயும் கொட்டில், பூட்டிக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடை, தையல் வகுப்பு நடக்கும் அறை என்று சாக்கால் யன்னலை மறைக்கக்கூடிய இடமெல்லாம் எங்கள் தியேட்டர்தான். வெங்காயத் தோட்டத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதைப் பற்றி ஒரு படம் செய்தார். அதைப் பார்த்துவிட்டு ஒரு தோட்டத்தில் பெண்கள் இரண்டு நாள் வேலைக்கு இறங்கவில்லை. தோட்டக்காரர் அண்ணையிடம் சண்டைக்கு வந்தார். அவர் போகும்வரை நான் வயர்ச் சுருளுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மயிலிட்டிப் படத்தைப் பற்றி.

மயிலிட்டிக் கரையில், கோயில் காணி என்று சொல்லும் ஒரு வளவில், சின்னக் கொட்டில் போட்டு இரண்டு பெண்கள் இருந்தார்கள். பவளக்கா, ரத்தினக்கா. பவளக்கா கிழிந்த வலை பொத்துவார். அது ஆம்பிளைகளின் வேலை என்றாலும் அவருடைய கைக்கு வந்த வலை மீண்டும் கிழியாது என்று படகுக்காரர்கள் அவரிடம்தான் கொடுப்பார்கள். ரத்தினக்கா கருவாடு போடுவார். ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிடுவார்கள். ஊரும் மச்சாள்மார் என்றே சொல்லும்.

மச்சாள் என்பது விளையாட்டுச் சொல் மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தமையனின் மனைவி மச்சாள். புருசனின் சகோதரியும் மச்சாள். இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் மச்சாள்மாராக இருக்கிறார்கள் என்றால் நடுவில் ஓர் ஆண் இருக்கவேண்டும். அந்த இரண்டு பேரும் மன்னார்ப் பக்கத்தால் வந்தது அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு. அந்த நேரம் வந்தவர்களிடம் யாரை இழந்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அழுவார்கள். அதனால் பவளக்காவின் தமையன்தான் ரத்தினக்காவின் புருசன், அவர் கடலோடு போய்விட்டார் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியது. ரத்தினக்கா பொட்டை அழிக்கவில்லை. “உடம்பு கரைக்கு வராமல் என்னத்தை அழிக்கிறது” என்று யாரோ சொல்லிவைக்க, அதுவும் சரியாகிப்போனது.

மனோ அக்கா அவர்களை மூன்று மாதம் படம் எடுத்தார். கமராவில் சத்தம் பதியாது. குரலை வேறாக, ஒலிநாடா சுற்றும் ரேப்பில் பிடிக்கவேண்டும். பிடித்ததைக் கடையில் வைத்து எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டினார், எந்தச் சொல் எந்தப் படத்தில் விழவேண்டும் என்று நான் பழகுவதற்காக. அதில் ரத்தினக்கா சொல்லும் ஒரு துண்டு இருக்கிறது. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

“என்ரை ஆள் கனக்கக் கதைக்காது. கோவம் வந்தாலும் சத்தம் வராது, ஊசியைப் பல்லுக்குள்ளை கடிச்சுக்கொண்டிருக்கும். ஆனா நான் ஒருக்கா இருமினாக் காணும், எழும்பிச் சுடுதண்ணி வைக்கும். அந்த ஆளை நம்பித்தான் நான் இந்தக் கரைக்கு வந்தனான்.”

எங்கள் பக்கத்தில் புருசனை ‘அவர்’ என்பார்கள், ‘இவர்’ என்பார்கள். ‘ஆள்’ என்றும் செல்லமாகச் சொல்வதுண்டு. ஆள் வந்திட்டுது, ஆள் சாப்பிட்டுது. அப்படிச் சொன்னால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. எத்தனையோ முறை கேட்ட பிறகு ஒருநாள், வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டேன். “மனோ அக்கா, இந்த மனிசி ஓரிடத்திலையும் அவர் எண்டு சொல்லேல்லையே?”

மனோ அக்கா ரேப்பை நிறுத்தினார். கடை வாசலைப் பார்த்தார். அண்ணை இல்லை.

“பவளக்காவுக்குத் தமையன் இல்லையடி” என்றார். “ஒருநாளும் இருந்ததில்லை.”

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் முதலில் வந்தது பயம்தான். இது வெளியில் தெரிந்தால் அந்தக் காணியில் அவர்களை ஒரு நாள் இருக்க விடுவார்களா?

“எனக்கும் கொழும்பிலை ஒரு மச்சாள் இருந்தவ” என்றார் மனோ அக்கா. “ஒரே அறையிலை ஆறு வருசம். பிறகு வீட்டுக்காரர் அவவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கலியாணம் செய்து வைச்சிட்டினம். நானும் போய் மாலை கட்டிக் குடுத்தனான்.” சொல்லிவிட்டு ரேப்பைத் திரும்பவும் போட்டார். தாயாருக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்த கதையில் பாதிதான் உண்மை என்று எனக்கு அப்போது தெரிந்தது.

படத்தில் அந்தக் குரல் துண்டை அவர் கடல் காட்சிக்கு மேல் வைத்திருந்தார். முதலில் பவளக்கா வலை பொத்துவது வரும். பிறகு வெறும் கடல், கரையில் ஆளில்லாத ஒரு வள்ளம். குரல் வள்ளத்தில் தொடங்கவேண்டும். பார்ப்பவர்கள் கடலோடு போன புருசனைத்தான் நினைப்பார்கள். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒளித்த மாதிரி. “விளங்கிறவைக்கு விளங்கும்” என்றார் மனோ அக்கா. விளங்கக்கூடாதவர்களுக்கும் விளங்கினால் என்ன செய்வது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு எங்காவது தூரத்தில் காட்டுவோம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். ரத்தினக்கா சம்மதிக்கவில்லை. “முதல் எங்கடை கரையிலைதான் காட்டவேணும் பிள்ளை. எங்கடை சனத்துக்கு ஒளிச்சுக் காட்டினா, அது ஒளிக்கவேண்டிய சாமான் எண்டு ஆகிப்போம்” என்றார். பவளக்கா வலையில் அடுத்த கண்ணைப் பொத்தினார். அவர் எப்போது வாய் திறந்திருக்கிறார்?

காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வலை வைக்கும் வாடி ஒன்றைக் கனகமக்கா பிடித்துத் தந்தார். கனகமக்கா கரையில் மீன் விற்பவர். அவர் இரகசியம் சொன்னாலே பக்கத்து வளவுக்குக் கேட்கும். தென்னோலைக் கிடுகுச் சுவரின் ஓட்டைகளைப் பாய்த்துணியாலும் சாக்காலும் அடைத்தோம். உள்ளே கருவாட்டு வாசம், வியர்வை, அழுகிற பிள்ளைகள், ஊர்ப் பெண்கள் முழுப்பேரும். ஆம்பிளைகள் வெளியே. பூவரச மரத்தின் கீழ் அண்ணை ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி, உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலில், கரை ஆம்பிளைகள் பாதிப்பேர் நின்றார்கள். கிடுகுக்குள்ளால் படம் தெரியாது. சத்தம் நன்றாகக் கேட்கும்.

இங்கே ஒரு விசயம் சொல்லவேண்டும். ரேப் பற்றரியில் ஓடும். படம் ஜெனரேற்றரில் ஓடும். ஜெனரேற்றர் இளைத்தால் படமும் இளைக்கும், ரேப் இளைக்காது. குரல் முந்திவிடும். அப்போது நான் ரேப்பின் சில்லை விரலால் மெல்ல அமத்திப் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அதை முந்தின நாள் முழுக்கப் பழகிப்பார்த்திருந்தேன்.

படம் தொடங்கியதும் வாடி கலகலத்தது. “இஞ்சை பாரடி, எங்கடை கிணறு!” “எடியே, உது உன்ரை ஆடு!” “என்ரை பின்பக்கத்தை ஏன் எடுத்தவ, முகத்தை எடுக்கச் சொல்லு!” கனகமக்கா திரையில் தன்னைக் கண்டதும், “ஐயோ, நான் இவ்வளவு கறுப்போ?” என்றார். “இல்லையக்கா, பிலிம்தான் கறுப்பு” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த நேரத்தில்தான் வெளியே ஜெனரேற்றர் இருமியது.

வெளிச்சம் மங்கியது. திரையில் பவளக்காவின் கை மெதுவானது, தண்ணீருக்குள் அசைவதுபோல. நான் சில்லில் விரலை வைத்தேன். பிந்திப்போனேன்.

“என்ரை ஆள் கனக்கக் கதைக்காது” என்றது ரத்தினக்காவின் குரல்.

திரையில் பவளக்காவின் முகம் இருந்தது. பெரிதாக, திரை நிறைய. பல்லுக்குள் வலை ஊசி.

“கோவம் வந்தாலும் சத்தம் வராது, ஊசியைப் பல்லுக்குள்ளை கடிச்சுக்கொண்டிருக்கும்.”

ஓலையால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். குரல் போய்க்கொண்டே இருந்தது. சுடுதண்ணி, இருமல், இந்தக் கரைக்கு வந்தது, எல்லாம். பவளக்காவின் முகம் போகவில்லை. படம் அவ்வளவு மெதுவாக ஓடியது. மனோ அக்கா என் கையைப் பிடித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொட்டில், அந்தக் காணி, நாளைக்குக் காலமை அங்கே கூடப்போகும் சனம்.

“பிள்ளை, பிழையா ஓடுது, நிப்பாட்டு!” என்றார் கனகமக்கா.

நான் சுவிச்சில் கை வைத்துவிட்டேன். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை, அதனால் யாரென்று உடனே தெரியவில்லை.

“நிப்பாட்டாதை. சரியாத்தான் ஓடுது.”

பவளக்கா வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சுவிச்சிலிருந்து கையை எடுத்தேன். பிறகு கனகமக்கா தொண்டையைச் செருமினார்.

“அப்ப சரி” என்றார். “முன்னுக்கிருக்கிறவள், தலையைப் பதியடி. எனக்குத் தெரியேல்லை.”

படம் ஓடி முடிந்தது. கடல் வந்தபோது ரேப்பில் குரல் இல்லை. வெறும் இரைச்சல்.

வெளியே வந்தபோது அண்ணை ஜெனரேற்றரைத் துடைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு வயதாளி கண்ணைத் துடைத்தார். “பாவம் அந்தப் பிள்ளை ரத்தினம், கடலோடை போன மனிசனை இன்னும் மறக்கேல்லை” என்றார். “ஓமோம், எப்பிடிக் கதைக்குது பாருங்கோ” என்றார் அண்ணை. ஆம்பிளைகள் கேட்டார்கள். பெண்கள் கேட்டார்கள், பார்த்தும் இருந்தார்கள்.

அதன் பிறகு பல மாதங்கள் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. சந்தையில் நாலு பெண்கள் கூடி நின்றால் அதுதான் கதைக்கிறார்கள் என்று நினைப்பேன். மயிலிட்டி ஆள் யாரும் கடைக்கு வந்தால் சுருளுக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடிப்பேன். ஒன்றும் வரவில்லை. வாடி நிறைய இருந்த பெண்கள், அதிலும் கனகமக்கா, ஒரு சொல்லைப் புருசன்மாரிடம் கொண்டுபோகவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஒருத்தி தன் மகளை அந்தக் கொட்டிலுக்குப் போகவேண்டாம் என்று மறித்தாள். இன்னொருத்தி கருவாட்டை வேறிடத்தில் வாங்கத் தொடங்கினாள். பிறகொருநாள் நான் போனபோது, ஊர்ப் பெண்கள் இப்போது எப்படி என்று ரத்தினக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

“முந்தி மச்சாள்மார் எண்டு வாய்க்கு வந்தபடி சொன்னதுகள்” என்றார். “இப்ப ஒருக்கா எங்களைப் பாத்துப்போட்டுச் சொல்லுதுகள். அவ்வளவுதான் வித்தியாசம்.” கொட்டிலுக்குள்ளிருந்து பவளக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

அந்தப் படத்தை மனோ அக்கா அங்கே இன்னொரு முறை காட்டவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நிலைமை கெட்டுக்கொண்டு வர, குளிர் நாடொன்றுக்குப் போய்விட்டார். படச்சுருளைக் கொண்டுபோனார். ரேப்பை என்னிடம் விட்டுப் போனார், பிறகு எடுக்கலாம் என்று. அங்கே கம்பனி ஒன்றையும் சேராமல், கிடைத்த வேலையைச் செய்துகொண்டு தன் பாட்டில் பல படங்கள் செய்தாராம். எல்லாம் பெண்களைப் பற்றி, பெண்ணோடு வாழும் பெண்களைப் பற்றி. சின்ன மண்டபங்களில் காட்டுவார்களாம், ஆட்கள் எழும்பிப் போவதும் உண்டாம். தொலைபேசியில் ஒருநாள், இப்படி இருப்பவர்களுக்கு அங்கே உள்ள பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள் நிற்கவில்லை. “எங்கடை சொல்லும் நல்லாத்தானே இருந்தது அக்கா” என்றேன். அவர் கன நேரம் சிரித்தார். பிறகு ரேப்பைப் பற்றிக் கேட்டார். சண்டையில் அண்ணையின் கடை எரிந்தபோது அதுவும் போய்விட்டது என்று சொன்னேன்.

மயிலிட்டிச் சனத்தை அந்தக் கரையிலிருந்து எழுப்பியது சண்டை. மச்சாள்மாரும் அவர்களோடு எழும்பினார்கள். முகாமில் பதியும்போது என்ன உறவு என்று கேட்டதற்கு மச்சாள் என்று சொல்ல, ஒரே கொட்டில் கொடுத்தார்களாம். கனகமக்காவும் பக்கத்தில் நின்று, “ஓம், மச்சாள்மார்தான், எனக்குத் தெரியும்” என்றாராம். அதுதான் கடைசியாக நான் கேட்டது. பிறகு வன்னிக்குப் போனார்கள் என்றார் ஒருவர். இந்தியாவுக்கு என்றார் இன்னொருவர்.

போன கிழமை அந்தப் பஸ்ஸில் நான் போனதும் மயிலிட்டிக்குத்தான். இராணுவம் பிடித்து வைத்திருந்த கரையைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் எனக்கு முந்தி இறங்கிவிட்டார்கள், ஒருத்தி மற்றவளை இழுத்துக்கொண்டு. நான் போய்த் தேடினேன். வாடி இல்லை. பூவரசு இல்லை. கோயில் காணி எது, பாதை எது என்று பிரிக்க முடியாதபடி பற்றை. தண்ணீர் ஓரத்தில் ஆளில்லாத ஒரு படகு மட்டும் இழுத்து விடப்பட்டிருந்தது.

அதற்குப் பக்கத்தில் நின்றபோது ரத்தினக்காவின் குரல் எனக்குள் தானாகத் தொடங்கியது. என்ரை ஆள் கனக்கக் கதைக்காது. எதிரே வெறும் கடலும் படகும். மனோ அக்கா அன்று வெட்டி ஒட்டியிருந்தபடியே, ஒரு சொல்கூட முந்தாமல் பிந்தாமல் பொருந்தியது. பவளக்காவின் முகம்தான் இல்லை.

பிழையா ஓடுது, நிப்பாட்டு என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.